கொரிய மினியேச்சர் வீடு கட்டியவர்கள் யாராவது உண்டா? என் அனுபவம் இது, உங்களுடையதையும் சொல்லுங்கள்

செந்தூல்வாசி, கோலாலம்பூர்

ஆன்லைனில் 'கொரியன் மினியேச்சர் ஹவுஸ்' என்று தட்டினால் வந்து கொட்டும் கிட்களில், அதாவது நாமே ஒட்டிக் கட்டும் பொம்மை வீட்டுப் பெட்டிகளில், பெரும்பாலானவை கொரிய வீடே கிடையாது. இளஞ்சிவப்புச் சுவர், வெள்ளைச் சோபா, கீழே ஒரு காபிக் கடை, உள்ளே எல்இடி விளக்கு. செய்வது சீனாவில், பேர் மட்டும் கொரியா. கட்டுவதற்கு ஜாலியாகத்தான் இருக்கும், குறை சொல்லவில்லை. ஆனால் கொரியத் தொடர்களில் வரும் அந்த ஓட்டு வீடுதான் வேண்டும் என்றால் 'ஹனோக்' என்று தேடுங்கள். மரத்தூணும் களிமண் ஓடும் காகிதக் கதவுமாக, அவர்கள் ஊர்ப் பழைய பாணி வீடு அது. சோபா கீபா எதுவும் வராது.

என் கிட்டில் எல்லாமே லேசரில் வெட்டிய மெல்லிய மரத்தகடு. பெயர்த்தெடுத்து, ஓரத்தில் இருக்கும் கரியை உப்புத்தாளால் தேய்த்து, எண் பார்த்து அடுக்கி வைப்பதற்கே ஒரு வாரக் கடைசி போய்விடும், அதற்குள் வீட்டில் 'இது எப்ப முடியும், மேசை எப்ப கிடைக்கும்' என்று ஆரம்பித்துவிடுவார்கள். அப்புறம்தான் தூண். நிஜ ஹனோக்கில் தூணை மண்ணில் புதைப்பதில்லை, கல்லின் மேல் நிற்க வைப்பார்கள், அந்தக் கல்லின் மேடு பள்ளத்துக்குத் தக்கபடி தூணின் அடியைச் செதுக்கிக்கொண்டு. உத்தரங்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்ளும், ஆணி அதிகம் வேண்டியதில்லை. காற்றடித்தால் ஆடாதா என்று கேட்கலாம். அதற்குத்தான் கூரை. ஓட்டுக்கு அடியில் மண்ணைப் பரப்பிப் பாரத்தை ஏற்றிவிடுகிறார்கள், பாரம் அழுத்த அழுத்த மூட்டு இறுகுகிறது. கிட்டில் மண் ஏது? கூரை ஏறும்வரை தூணெல்லாம் லொடலொடவென்றுதான் நிற்கும், அதைப் பார்த்து விட்டுவிடாதீர்கள்.

கூரையை வைத்த அன்று ராத்திரி ஒரு வேலை செய்தேன். இறவாணம் ஏன் இவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது ரொம்ப நாளாகவே உறுத்தல். சியோல் கிட்டத்தட்ட 37.5 பாகை வடக்கில் இருக்கிறது. ஜூன் மாத உச்சி வெயில் அங்கே 76 பாகை உயரத்தில், டிசம்பரில் வெறும் 29 பாகை. பையனுடைய கோணமானியை வைத்துக்கொண்டு, ஹாலில் விளக்கை அணைத்துவிட்டு, கைப்பேசி டார்ச்சை 76இல் பிடித்தேன். நடுக்கூடத்து மரத்தரை முழுக்க நிழல். 29க்கு இறக்கினேன், வெளிச்சம் பின்சுவர்வரை போய் விழுந்தது. கோடையில் வெயிலை வெளியே நிறுத்துகிறது, குளிர்காலத்தில் உள்ளே கூப்பிடுகிறது. நம் கேஎல்லில் உச்சி வெயில் வருஷம் முழுக்க 63 பாகைக்குக் கீழே இறங்குவதே இல்லை, இங்கே நீட்டிய கூரை மழைக்குத்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆம்பாங்கில் கொரியக் கடைகள் இருக்கும் பக்கம் தெரியும்தானே, அங்கே நான் அவ்வப்போது சாப்பிடப் போகும் ஒரு கடையில் வயதான ஓர் அம்மா கல்லாவில் இருப்பார். படத்தைக் காட்டினேன். வாங்கி, பெரிதாக்கி, கதவைப் பார்த்தார். காகிதம் சட்டத்துக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கிறதா என்று சோதித்தார். கொரியாவில் உள்பக்கம்தான், வெளியிலிருந்து பார்த்தால் மரச்சட்டம் தெரிய வேண்டும், ஜப்பானில்தான் வெளிப்பக்கம் ஒட்டுவார்களாம். அதில் பாஸ். கிட்டோடு வந்த சிவப்பும் பச்சையுமான பூ வேலைத் தாளைக் காட்டி, இதை ஒட்டாதே, இது அரண்மனைக்கும் கோயிலுக்கும் அடிக்கிற வர்ணம், வீட்டு மரம் மரமாகவே இருக்கட்டும் என்றார். கடைசியாக மலாயில், "டாபோர் மானா?" சமையற்கட்டு எங்கே என்கிறார்.

கிட்டில் சமையற்கட்டு இல்லை! கூடம் இருக்கிறது, இரண்டு பக்கமும் அறை இருக்கிறது, அவ்வளவுதான். அந்த அம்மா ரசீதின் பின்பக்கம் படம் போட்டு விளக்கினார். அறைத்தரைக்கு அடியில் கல் பாளம், அதற்கும் அடியில் புகை போகும் பாதை. பக்கத்துச் சமையற்கட்டு அறையைவிடப் பள்ளத்தில் இருக்கும். அங்கே அடுப்பெரித்தால் சோறும் வேகும், அந்தச் சூடும் புகையும் தரைக்கு அடியில் ஓடி அறையையும் சூடாக்கி, சுவரை விட்டுத் தள்ளி நிற்கும் புகைபோக்கி வழியாக வெளியே போகும். இதுதான் ஓண்டோல். சியோலில் குளிர் மைனஸ் 10க்குக் கீழே போகும் நாட்களும் உண்டு, அந்த வீட்டில் மனிதன் பிழைத்ததே அந்த அடுப்பால்தான். பெட்டிக்காரர்கள் அதைத்தான் வெட்டிவிட்டிருக்கிறார்கள். சோயா, மிளகாய் விழுது ஜாடிகள் வெயிலில் நிற்கும் பின்முற்றத்து மேடையும் இல்லை. படத்துக்கு அழகாக வருவதை மட்டும் கொடுத்து, வேலை நடக்கும் இடத்தையெல்லாம் விட்டுவிட்டார்கள். எனக்கு இது பெரிய குறையாகப் பட்டது, உங்களுக்கு எப்படியோ. தகடு பெயர்த்த பின் மிஞ்சிய சட்டங்களை வைத்து இப்போது நானே பக்கத்தில் ஒரு சமையற்கட்டு எழுப்பிக்கொண்டிருக்கிறேன்.


ஆயர் ஈத்தாம் அக்கா, பினாங்கு

தம்பி பசையைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லையே! கிட் கட்டுகிறவர்களுக்குப் பாதிப் பிரச்சினை அங்கேதான். பல கிட்களில் பசையும் பேட்டரியும் வராது, விமானத்தில் அனுப்புவதில் தொல்லை என்று விட்டுவிடுவார்கள். நாம் உடனே பக்கத்துக் கடையில் சூப்பர் குளூ வாங்கிவிடுவோம். அது காற்றில் இருக்கும் ஈரத்தை எடுத்துத்தான் இறுகும், நம் ஊரில் ஈரத்துக்குப் பஞ்சமா? வைத்த வேகத்தில் பிடித்துக்கொள்ளும், கோணலாக வைத்தால் கோணல்தான். அதோடு அதன் ஆவி போய்ப் படிந்து, கண்ணாடி மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் ஜன்னலெல்லாம் வெள்ளைப் பூத்துப்போகும். அதனால் ஜன்னலுக்கும் காகிதத்துக்கும் வெள்ளைப் பசைதான், அதுவும் மழை நாளில் காய மாட்டேன் என்று அடம் பிடிக்கும், பொறுமை வேண்டும். சூப்பர் குளூவை உலோகத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், ஜன்னலைத் திறந்து மின்விசிறியைப் போட்டுவிட்டு.

மரத்தகட்டுக்கு வர்ணம் அடிக்கும்போது ஒரு பக்கம் மட்டும் அடிக்கக் கூடாது. அடிக்காத பக்கம் ஈரம் குடித்து அப்பளம் மாதிரி வளைந்துவிடும். மறைவாகப் போகிற பக்கத்துக்கும் ஒரு பூச்சு கொடுத்துவிடுங்கள். காகிதக் கதவு தொளதொளவென்று இருந்தால் காய்ந்த பிறகு மேலே தண்ணீரைப் பூப்போலத் தெளித்து மறுபடி காய விடுங்கள், விறைப்பாக நிற்கும். கொரியாவில் நிஜக் கதவுக்கே அப்படித்தான் செய்வார்கள். மல்பெரி இனத்து மரப்பட்டையில் செய்யும் ஹன்ஜி காகிதம் அது. நான் கடையில் விற்கும் மெல்லிய கைவினைக் காகிதத்தில் செய்தேன், குறையில்லை.

பேரப்பிள்ளைகள் வரும் வீடென்றால் விளக்குக்குப் போடும் அந்தச் சின்ன வட்டப் பேட்டரியை உடனே அதன் பெட்டிக்குள் வைத்துத் திருகி மூடிவிடுங்கள். விழுங்கினால் தொண்டையையே அரித்துவிடும்.


பிரிக்ஃபீல்ட்ஸ் தங்கச்சி

நவராத்திரிக்குக் கொலு வைக்கும்போது என் கொரிய வீட்டையும் ஐந்தாம் படியில் வைத்தேன். பாட்டிக்கு ஒரே சந்தோஷம், மரப்பாச்சி தம்பதியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டார். 1:24 அளவில், அதாவது நிஜத்தில் 24இல் ஒரு பங்கு என்றால், ஐந்தரை அடி ஆள் இரண்டே முக்கால் அங்குலம்தான் இருக்க வேண்டும். எங்கள் மரப்பாச்சி ஆறு அங்குலம், கணக்குப் போட்டால் பன்னிரண்டு அடி மனுஷன். கூரைக்கு மேலே தலை தெரிந்தது. வந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் படம் எடுத்தார்கள், என் ஓட்டு வேலையை ஒருத்தரும் பார்க்கவில்லை.


நிபோங் திபால் அண்ணன்

செந்தூல் தம்பி சமையற்கட்டு என்றதும் எழுதத் தோன்றியது. நானும் ஹனோக் கிட்டில்தான் ஆரம்பித்தேன். முடித்த பிறகு கை சும்மா இருக்கவில்லை, மிஞ்சிய தகடு ஒரு பை நிறைய. அதில் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்து லயத்தை, அதான் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீட்டை, கட்டினேன், முழு வரிசை இல்லை, மூன்று வீடு மட்டும். தோட்டம் எப்போதோ போய்விட்டது, அங்கே இப்போது வீடமைப்புத் திட்டம். படம் என்று எங்களிடம் இருந்ததெல்லாம் யாரோ கல்யாணத்தில் எடுத்தது, அதிலும் லயம் பின்னால் மங்கலாகத்தான் இருக்கும்.

அதனால் அம்மாவையும் பெரிய மாமாவையும் கேட்டுக் கேட்டுத்தான் கட்ட வேண்டியிருந்தது. ஓர் அடிக்கு அரை அங்குலம் என்பது வசதியான கணக்கு, பத்துக்குப் பத்து அறை என்றால் அட்டையில் ஐந்துக்கு ஐந்து. ஆனால் அறை பத்தடியா பன்னிரண்டடியா என்பதில் இரண்டு பேரும் ஒத்துப்போகவில்லை. மாமா, 'ரெண்டு பாய் விரிச்சா நடக்க எடம் இருக்காது, பத்துதான்' என்றார். அம்மா உடனே, 'ஒங்க வீட்டுல ஒம்போது பேரு, அதான் எடமில்ல' என்றார். பொதுக் குழாய் எந்த முனையில் இருந்தது என்பதற்கு ஒரு நாள் பூரா சண்டை. கடைசியில் இரண்டு முனையிலும் வைத்தேன், அதுவும் தப்பாம்.

ஹனோக் கட்டிய கைக்கு லயம் சுலபம் என்று நினைத்தேன், அப்படி இல்லை. ஹனோக்கில் ஒவ்வொரு மூட்டும் தானாகப் போய் உட்காரும்படி வெட்டித் தருகிறார்கள். லயம் நேர்கோட்டுப் பெட்டிதான், ஆனால் அதைப் பழசாக்க வேண்டும். தகரக் கூரைக்கு, கேக் வேகவைக்கிற அலுமினியத் தட்டை வெட்டி, சீப்பின் மேல் வைத்து மழுங்கிய பென்சிலால் அழுத்தினால் வரிவரியாக வரும். துரு நிறத்துக்குப் பழுப்பு வர்ணத்தில் கொஞ்சம் மஞ்சள்தூள் கலந்து தட்டினேன். பின்பக்கச் சமையற்கட்டுக்கு மெழுகுவர்த்திப் புகையையே பிடித்தேன் (தனியாக ஒரு பலகையில் பிடித்து அப்புறம் பொருத்துங்கள், கட்டிய வீட்டுக்குள் தீயைக் காட்டாதீர்கள்). அதைப் பார்த்த அம்மா சொன்னது, 'நான் வாரா வாரம் சாணி போட்டு மொழுகுவேன், இவ்ளோ கரியா வச்சிருக்க.' துடைத்து மறுபடி பூசினேன்.

ஒன்று சொல்லவேண்டும். கொரியக்காரன் வீட்டைப் பற்றிக் கிட் பெட்டியில் இரண்டு பக்கம் விளக்கம் இருந்தது, சியோல் புக்சோன் கிராமம், ஜியோன்ஜு நகரில் 700க்கும் மேற்பட்ட ஹனோக் ஒரே பகுதியில் இருப்பது என்றெல்லாம். லயத்துக்கு அளவு எழுதின ஒரு தாளைக்கூட நான் எங்கும் பார்த்ததில்லை. யாரிடமாவது தோட்டத்து வீட்டு வரைபடம் இருந்தால் இங்கே போடுங்கள்.


செந்தூல்வாசி

அண்ணே, அந்த லயத்தின் அளவுகளைக் கொஞ்சம் போடுங்களேன், சமையற்கட்டு முடிந்ததும் அதுதான் என் அடுத்த வேலை. அக்கா, வர்ணத்தை இரண்டு பக்கமும் அடிக்கும் யோசனைக்கு நன்றி, ஜாடி மேடைக்கு அப்படியே செய்கிறேன். முடித்த வீட்டைத் தூசிக்கும் கரையானுக்கும் என்ன செய்கிறீர்கள்? நான் அக்ரிலிக் மூடி போட்டு உள்ளே காலணிப் பெட்டியில் வரும் சிலிகா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டிருக்கிறேன், ஏர்கான் அறையில்தான் இருக்கிறது.


நிபோங் திபால் அண்ணன்

என்னுடையது டிவி அலமாரிக்கு மேலே திறந்தேதான் இருக்கிறது தம்பி, அம்மா தினமும் துணியால் தட்டுவார். அளவெல்லாம் நாள்காட்டியின் பின்பக்கம் கிறுக்கி வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை படமெடுத்துப் போடுகிறேன். பெரட்டுக் களமும் (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்) ஆயக்கொட்டகையும் (வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கொட்டகை) இன்னும் கட்டவில்லை, அதற்கு மாமா உடம்பு தேறி உட்கார வேண்டும். மரத்தில் ரப்பர் பால் பிடிக்கும் மங்கு வைக்க வேண்டுமென்றால் சின்ன மாத்திரை அட்டையின் குழியை வெட்டி எடுங்கள், அளவு சரியாக வரும். உள்ளே வெள்ளைப் பசையைச் சொட்டினால் காய்ந்ததும் கண்ணாடி மாதிரி தெளிந்துவிடும், பால் போலவே இருக்க வேண்டுமென்றால் அதில் ஒரு துளி வெள்ளைப் பெயிண்ட் கலந்து ஊற்றுங்கள்.