டெல்லி மே வெயிலில் டேவிட் ஆஸ்டின் ரோஜா: இப்போது வெட்டலாமா, வேண்டாமா?

மாடிவீட்டுக்காரி, மயூர் விஹார்:
வணக்கம். எங்களுடையது மூன்றாவது மாடி, அதற்கு மேல் மொட்டை மாடி, சாயங்காலம் வரைக்கும் வெயில். குளிர்காலத்தில் இங்கே ஒரு நர்சரியில் கிரஹாம் தாமஸ், ஆபிரகாம் டார்பி என்று சொல்லிக் கொடுத்த இரண்டு டேவிட் ஆஸ்டின் ரோஜா ஒட்டுச்செடிகளை வாங்கி வைத்தேன். பிப்ரவரி கடைசியில் பூத்தது பாருங்கள், இதழுக்குள் இதழாக அடைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் மாடி ஏறிப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். இப்போது கிரஹாம் தாமஸின் மஞ்சள் பூ பாதி இதழோடு வருகிறது, காலையில் விரிந்தால் மத்தியானத்துக்குள் வெளுத்து ஓரம் கருகிவிடுகிறது. ஆபிரகாம் டார்பி பூப்பதையே நிறுத்திவிட்டு ஆள் உயரத்துக்கு ஒரே ஒரு நீளக் குச்சியை விட்டிருக்கிறது. இலையெல்லாம் துடைத்தாலும் போகாத தூசி படிந்ததுபோல் மங்கல். எல்லாவற்றையும் பாதிக்கு வெட்டி டிஏபி உரம் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் மாலி (தோட்டக்காரர்). வெட்டலாமா?

ரோஜாப்பித்து, ஆர்.கே.புரம்:
வெட்டவே வேண்டாம், டிஏபியும் வேண்டாம். 44 டிகிரியில் இலையை எடுத்துவிட்டால் தண்டின்மேல் நேராக வெயில் விழும், தோல் வெந்து, வெட்டிய நுனியிலிருந்து கீழ்நோக்கிக் கருகிக்கொண்டே வரும். தப்பித்து ஒரு துளிர் வந்தாலும் லூ என்கிற வடக்கத்திக் கோடை அனல்காற்று ஒரே நாளில் அதை வறுத்துவிடும்.

இந்த ரோஜாக்களை டேவிட் ஆஸ்டின் உருவாக்கியது இங்கிலாந்தில், ஷ்ராப்ஷயரில் உள்ள ஆல்பிரைட்டனில். அங்கே நல்ல கோடைப் பகலே நம் ஜனவரிப் பகலைவிடக் கொஞ்சம்தான் கூட. ஆக, அதற்கு டெல்லியில் பூக்காலம் டிசம்பரிலிருந்து மார்ச் வரை. 35 டிகிரியைத் தாண்டினால் மொட்டு அவசரமாக விரியும், இதழ் குறையும், நிறம் நிற்காது. அது செடியின் குற்றமில்லை. ஜூன் முடியும்வரை மொட்டைப் பயறு அளவில் கண்டதுமே கிள்ளிப் போடுங்கள், செடி உயிரோடு, இலையோடு இருந்தால் போதும்.

தொட்டி கறுப்புப் பிளாஸ்டிக்கா? அப்படியென்றால் முதலில் அதைக் கவனியுங்கள். மாடித் தளம் கொதித்து வேரை அவிக்கிறது. பெரிய மண் தொட்டிக்குள் அப்படியே இறக்கி, இடையில் தேங்காய் நார் அடைத்து, அடியில் செங்கல் கொடுத்துத் தூக்கி வையுங்கள். மண்மேல் காய்ந்த இலை இரண்டு அங்குலம். தண்ணீர் விடிந்தவுடன் தொட்டி அடியில் வழியும்வரை, லூ வீசும் நாட்களில் சாயங்காலமும் ஒரு முறை. பன்னிரண்டு மணிக்கு மேல் நிழல் கிடைக்கிற இடம் இருந்தால் அங்கே நகர்த்துங்கள், இல்லையென்றால் பச்சை நிழல்வலை கட்டுங்கள்.

இலை மங்கலுக்கு: ஓர் இலையை வெள்ளைக் காகிதத்தின்மேல் தட்டுங்கள். மிளகாய்த்தூள் துணுக்குபோல் ஏதாவது நகர்ந்தால் அது சிவப்புச் சிலந்திப்பேன், வறண்ட வெயிலில்தான் அது பெருகும். விடியற்காலையில் இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், விடாமல் ஒரு வாரம். கடைக்காரர் இமிடாகுளோபிரிட் என்கிற பூச்சிமருந்தைக் கொடுத்தால் வாங்காதீர்கள், அது இந்தப் பேனைக் கொல்லாது, சில சமயம் அதிகமாக்கிவிடும்.

அந்த நீளக் குச்சி எங்கிருந்து கிளம்புகிறது என்று மண்ணை விலக்கிப் பாருங்கள். ஒட்டு முடிச்சுக்குக் கீழே என்றால் அது அடிச்செடி, அதாவது ஒட்டுக்கு வேராக வைத்த வேறு ரோஜா, அடியோடு பிய்த்தெடுங்கள். மேலே என்றால் விட்டுவிடுங்கள், வெப்ப இடத்தில் ஆபிரகாம் டார்பி கொடி மாதிரிதான் போகும்.

முனிர்க்கா மாமா:
இவ்வளவு பாடு எதற்கு? நம் ஊரில் பன்னீர் ரோஜா என்று விற்பதில் பெரும்பாலும் எட்வர்ட் ரோஜாதான். வடக்கே அதை அடிச்செடியாக வைத்தும் ஒட்டுக் கட்டினார்கள். அதையே நேராக வளர்த்தால் வாசனையும் உண்டு, தலைவலியும் இல்லை. கொடைக்கானலில் வீரராகவன் என்று ஐஏஎஸ் வேலையை விட்டு வந்தவர், நம் நாட்டுச் சதுப்பில் வளரும் ரோசா கிளைனோபில்லாவைச் சேர்த்து வெப்பம் தாங்கும் ரோஜாக்களையே உருவாக்கியிருக்கிறார். சீமைக்காரியைக் கூட்டிவந்து மே மாதத்தில் அழுவானேன்.

ரோஜாப்பித்து, ஆர்.கே.புரம்:
மாமா சொல்வது நியாயம்தான், நானும் எட்வர்ட் வைத்திருக்கிறேன். ஆனால் ஜனவரிப் பனியில் கிரஹாம் தாமஸ் விரிவதை ஒரு தடவை பார்த்தவரிடம் போய் இதைச் சொன்னால் எடுபடாது.

லால்பாக் பக்கம்:
பெங்களூரில் கதையே வேறு. வெயில் எங்களுக்குப் பெரிய தொல்லை இல்லை, ஜூன் தொடங்கி அக்டோபர் வரை மழையும் மூட்டமும், இலையில் கரும்புள்ளி விழுந்து செடி மொட்டையாகிவிடும். ஆகஸ்டில் உங்களுக்கும் அது வரும், சாயங்காலம் இலையை நனைக்காதீர்கள்.

மாடிவீட்டுக்காரி, மயூர் விஹார்:
காகிதத்தில் தட்டினேன், நகர்கிறது! குச்சி ஒட்டுக்கு மேலேதான் இருக்கிறது, நல்லவேளை. ஒரு சந்தேகம், படுக்கையறை பால்கனியில் காலை பத்து மணிவரைதான் வெயில். அங்கே வைத்தால் போதுமா? அப்புறம் எப்போதுதான் வெட்டுவது?

ரோஜாப்பித்து, ஆர்.கே.புரம்:
மே, ஜூனுக்கு அந்தப் பால்கனி தாராளம். ஆனால் மழை ஓய்ந்ததும் செப்டம்பர் கடைசியில் மாடிக்கே ஏற்றிவிடுங்கள், அங்கேயே விட்டால் இலைதான் மிஞ்சும். கவாத்து அக்டோபர் நடுவில். மாலி ஹைப்ரிட் டீ என்கிற கடை ரோஜா வகையை வெட்டிய பழக்கத்தில் ஒரு சாண் விட்டுவிட்டு மீதியை வெட்ட வருவார், விடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கு எடுத்தால் போதும், வெட்டுவாயில் பூஞ்சை பிடிக்காமலிருக்க போர்டோ பசை. நீளக் குச்சியை மட்டும் வெட்டாமல் மாடிக் கம்பியோரமாகப் படுக்கவைத்துக் கட்டுங்கள், கணுவுக்குக் கணு துளிர்க்கும். தொழுவுரமும் வேப்பம்புண்ணாக்கும் அப்போது போடலாம். டிசம்பர் முதல் வாரம் பூ பார்க்கலாம்.

லேபிளையும் அன்றைக்குச் சரிபார்த்துவிடுங்கள். ஆபிரகாம் டார்பி பீச் நிறமும் இளஞ்சிவப்பும் கலந்து, பழ வாசனை தூக்கலாக இருக்கும். பளீர் சிவப்பாகப் பூத்தால் அது வேறு ஏதோ.