ரெண்டு சூரியன் கேட்டார்கள்

ஒரு சூப்பர்ஹீரோ படத்தின் வேற்றுக்கிரகக் காட்சிகளில் காம்ப் வேலை (தனித்தனியாக எடுத்ததையும் கணினியில் உருவாக்கியதையும் ஒரே காட்சியாகச் சேர்ப்பது) பார்த்த அனுபவம் இது. படத்தின் பெயரைச் சொல்ல முடியாது, ஒப்பந்தம் அப்படி.

மிதக்கும் பாறை, ஊதாப் புல் எல்லாம் கான்செப்ட் ஆர்ட்டிலேயே, அதாவது முன்கூட்டி வரையும் மாதிரி ஓவியத்திலேயே, முடிவாகி வந்துவிடும். எங்களைப் படுத்தி எடுத்தது வானம்தான். நடிகர்களை ப்ளூ ஸ்க்ரீன் (பின்னணியைப் பிறகு மாற்றுவதற்கான நீலத் திரை) முன்னால் நிறுத்தி, தலைக்கு மேலே மென்மையான வெளிச்சம் போட்டு எடுத்துவிட்டார்கள், அந்தக் கிரகத்தின் வானம் எப்படி இருக்கும் என்று அப்போது யாரும் முடிவு செய்திருக்கவில்லை. எடிட்டிங் எல்லாம் முடிந்தபிறகு "ரெண்டு சூரியன் வைத்துப் பார்க்கலாமே" என்று குறிப்பு வந்தது. பாறைகளுக்குப் பிரச்சினையே இல்லை, இன்னொரு விளக்கைச் சேர்த்தால் இன்னொரு நிழல் விழுந்துவிடும். முகத்துக்கு என்ன செய்வது? ப்ளேட்டில், அதாவது கேமராவில் எடுத்த அசல் காட்சியில், மூக்குக்குக் கீழே நிழலே கிடையாது. நல்லவேளை நடிகரின் தலையை ஸ்கேன் செய்து வைத்திருந்தார்கள். அந்த மாடலை ஒவ்வொரு ஃப்ரேமிலும் அவர் முகத்தோடு பொருத்தி, அதன்மேல் விழும் வெளிச்சத்தை மட்டும் பிரித்தெடுத்து ப்ளேட்டில் ஏற்றினோம். முடி ஓரத்தில் நீலம் கசிந்து கிடந்தது தனிக்கதை.

பின்னணியை நேரடியாகக் காட்டும் பெரிய எல்ஈடி சுவரின் முன்னால் எடுத்திருந்தால் இந்தப் பாடு பாதி குறைந்திருக்கும் என்பது உண்மை. வானமே நடிகர்மேல் வெளிச்சம் போடும், கவசத்தில் பிரதிபலிப்பும் தானாக வந்துவிடும். ஆனால் படப்பிடிப்புக்கு முன்பே வானத்தை முடிவு செய்தாக வேண்டும் (அது எந்தப் படத்தில் நடக்கிறது?), அதோடு அந்தச் சுவரால் வெயில் மாதிரிக் கூர்மையான நிழல் தரவும் முடியாது.

அடுத்த தலைவலி அளவு. மரமோ கதவோ இல்லாத இடத்தில் ஒரு பாறை ஆள் உயரமா, மலை உயரமா என்று கண்ணுக்குப் பிடிபடாது. எங்கள் பாறைகளோ ஃப்ராக்டலில் (ஒரே வடிவம் சிறிதாகவும் பெரிதாகவும் திரும்பத் திரும்ப வரும் கணித அமைப்பு) பிறந்தவை, கிட்டே போனாலும் தள்ளி வந்தாலும் ஒரே மாதிரி இருக்கும், அதனால் நிலைமை இன்னும் மோசம். காப்பாற்றியது தூசுதான். பூமியில் தூரத்து மலை நீலமாகத் தெரிவதற்குக் காற்று காரணம். செவ்வாயில் தூசு அதைத் தலைகீழாக்குகிறது, 2015-இல் அங்கிருந்து நாசாவின் கியூரியாசிட்டி ஊர்தி எடுத்த சூரிய அஸ்தமனப் படத்தில், இங்கே சிவக்கும் இடத்தில், சூரியனைச் சுற்றி நீலமாக இருக்கும். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் எங்கள் கிரகத்துக்கும் தூசு நிறைந்த காற்றைக் கொடுத்து, தூரம் போகப் போக நிறம் மாறும்படி செய்தோம். பாறைகள் சரிந்து விழும் வேகத்தையும் குறைத்தோம், பெரியது விழ நேரமாகும் என்பது பார்ப்பவர் மனதில் ஏற்கெனவே பதிந்திருக்கிறது.

அளவு தெரியட்டும் என்று ஒரு பறவைக் கூட்டத்தையும் பறக்கவிட்டோம். பூமி மாதிரி இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். சரி என்று ஒவ்வொன்றுக்கும் ஆறு சிறகு வைத்து மறுபடி அனுப்பினோம், உடனே ஓகே ஆகிவிட்டது. திரையில் அவை வெறும் புள்ளிகள், எத்தனை சிறகு என்று எவர் கண்ணுக்கும் தெரியாது.