மறு: இதயத்தசைச் செல்லுக்குள் குளோரைடு ‘சேனல்’: கால்வாயா, மடையா?

தேவகோட்டையிலிருந்து:

அண்ணே, செல்லுக்குள் குளோரைடு அயனியைக் கடத்தும் ‘க்ளிக்’ (CLIC, chloride intracellular channel) புரதங்களுக்கு நம் கலைச்சொல் பட்டியலில் ‘செல்லகக் குளோரைடு கால்வாய்’ என்று இருக்கிறது. அந்தக் குடும்பத்தில் க்ளிக்1, க்ளிக்4, க்ளிக்5 மூன்றுக்கும் இருப்பிடம் ‘மைட்டோகாண்டிரியா சவ்வு’ என்று ஒரே மாதிரி போட்டிருக்கிறார்கள். அப்படியே விட்டுவிடலாமா?

காரைக்குடியிலிருந்து:

இரண்டையும் மாற்ற வேண்டும் தம்பி.

கண்மாய்க் கரையில் நின்று பார்த்தால் சொல் தானாக வரும். கால்வாய் கரையைத் தாண்டி வயலுக்கு நீளமாக ஓடுவது. கரைக்குள்ளேயே பதிந்திருந்து, பலகையைத் தூக்கினால் தண்ணீரை விட்டு, இறக்கினால் நிறுத்துவது மடை. இந்தப் புரதத்துக்குச் சவ்வுதான் கரை. அதன் குறுக்களவே சில நானோமீட்டர்தான். கால்வாய் என்று எழுதினால், செல்லின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு குழாய் ஓடுவதாகப் படிக்கிற பிள்ளை நினைத்துக்கொள்ளும். ‘கலுங்கு’ம் வேண்டாம். அது கண்மாய் நிறைந்தால் மிச்ச நீரை வழியவிடுவது, அவ்வளவுதான்.

அடுத்தது, ‘செல்லக’ நிற்கும் இடம். குளோரைடுக்கு முன்னால் வைத்தால் ‘செல்லுக்குள் இருக்கும் குளோரைடு’ என்றாகிவிடும். செல்லுக்குள் இருப்பதாக நாம் சொல்ல வந்தது மடையை. ஆகவே ‘குளோரைடு அகமடை’. ‘உள்மடை’ காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மைட்டோகாண்டிரியாவுக்கு வெளிச்சவ்வு, உட்சவ்வு என்று இரண்டு உண்டு. ‘உள்மடை’ என்றால் உட்சவ்வில் இருப்பது என்று படிப்பார்கள். அந்தக் குழப்பம் இங்கே நிஜமாகவே வரும். வளர்ந்த எலியின் இதயத்தசைச் செல்லில் 2016இல் பிரித்துக் காட்டியபடி, உட்சவ்வில் இருப்பது க்ளிக்5 மட்டும். க்ளிக்4 வெளிச்சவ்வில். க்ளிக்1 மைட்டோகாண்டிரியாவிலேயே இல்லை, செல்லுக்குள் பின்னிக் கிடக்கும் சவ்வு வலையான எண்டோபிளாச வலையில் இருக்கிறது. ஆக மூன்றும் அகமடை, ஆனால் மூன்றுக்கும் கரை வேறு.

க்ளிக்4 செறிந்திருக்கும் இன்னோர் இடமும் உண்டு: மைட்டோகாண்டிரியாவை ஒட்டிக் கிடக்கும் எண்டோபிளாச வலையின் சவ்வு. இதைத்தான் யாரோ ‘மைட்டோகாண்டிரியா சவ்வு’ என்று சுருக்கிவிட்டார்கள். ஒட்டியிருப்பதால் அது மைட்டோகாண்டிரியாவின் சவ்வு ஆகிவிடாது. இடையில் சில பத்து நானோமீட்டர் சந்து இருக்கிறது. ‘அண்டைச் சவ்வு’ என்று வைக்கலாம் என்பது என் எண்ணம்.

கண்டனூரிலிருந்து:

அண்டைச் சவ்வுக்கு என் ஓட்டு. அந்தச் சொல் இல்லாவிட்டால் ஆய்வுக்கூடச் செய்முறையையே தமிழில் எழுத முடியாது. இதயத்தசையைப் பனிக்குளிரில் அரைத்து, 600–1,000 ஜி (புவியீர்ப்பைப் போல் அத்தனை மடங்கு) விசையில் 10 நிமிடம் சுழற்றினால் உட்கருவும் உடையாத செல்லும் அடியில் படியும். மேல்நீரை எடுத்து 10,000 ஜி அளவில் மறுபடி சுழற்றினால் வரும் படிவைத்தான் பலரும் ‘மைட்டோகாண்டிரியா’ என்று எழுதிவிடுகிறார்கள். அது கச்சாப் படிவு. அண்டைச் சவ்வும் வலைத் துணுக்குகளும் அதோடு ஒட்டிக்கொண்டே வரும். அதில் க்ளிக்4 தெரிந்தால் எந்தச் சவ்வுக்குச் சொந்தம் என்று சொல்லவே முடியாது. பெர்கால் என்ற நுண்துகள் கரைசலில் அமைத்த, கீழே போகப் போக அடர்த்தி கூடும் அடர்த்திச் சரிவில் ஏற்றி 95,000 ஜி விசையில் அரைமணி நேரம் சுழற்றிய பிறகுதான் தூய மைட்டோகாண்டிரியா கீழே ஒரு பட்டையாகவும், அண்டைச் சவ்வு அதற்கு மேலே தனிப் பட்டையாகவும் பிரியும். பட்டியலில் ‘கச்சாப் படிவு’, ‘தூய படிவு’ என்று இரண்டு பதிவு வேண்டும்.

வெளிச்சவ்வா உட்சவ்வா என்று பார்க்கப் புரதம் அரிக்கும் நொதியைக் கொஞ்சமாக விடுவார்கள். வெளிச்சவ்வில் வெளியே நீட்டிக்கொண்டிருப்பது அரிபடும், உட்சவ்வில் இருப்பது தப்பும். நொதி கூடினாலோ நேரம் நீண்டாலோ வெளிச்சவ்வு கிழிந்து உள்ளேயும் அரித்துவிடும். உட்சவ்வுக்கே உரிய ஒரு புரதத்தைக் கூடவே சோதிக்காவிட்டால் அந்த முடிவை நம்பக்கூடாது. புரதத்தில் ஒட்டி அதை அடையாளம் காட்டும் எதிர்ப்பொருளிலும் எச்சரிக்கை வேண்டும். ஆறு க்ளிக்குகளும் உருவில் நெருங்கிய உறவு என்பதால், ஒன்றுக்கு வாங்கியது இன்னொன்றில் ஒட்டும். அந்த மரபணு நீக்கிய எலியின் திசுவை ஒப்பிடுவதற்கு வைத்தால்தான் தெளியும்.

‘மடை’யில் எனக்கு ஒரு தயக்கம். இந்தப் புரதங்கள் நீரில் கரைந்தபடியும் செல்லுக்குள் திரிகின்றன. அந்த நிலையில் நச்சு நீக்கும் குளூட்டாதயோன் மாற்றி நொதியின் சாயல்தான் தெரிகிறது, மடை வேலை ஏதும் இல்லை.

காரைக்குடியிலிருந்து:

நியாயம் ஆச்சி. கரையோரம் சாத்தி வைத்த பலகையை யாரும் மடை என்பதில்லை. பதிவை இப்படித் திருத்துகிறேன்: கரைந்த நிலை, சவ்வில் பதிந்த நிலை இரண்டுக்கும் பொதுவாக ‘குளோரைடு அகமடைப் புரதம்’. சவ்வில் பதிந்து அயனியை விடும்போது மட்டும் ‘குளோரைடு அகமடை’. இரண்டு சொல்லையும் சேர்த்து ‘குளோரைட்டகமடை’ என்று யாரும் புணர்க்க வேண்டாம், வாயில் நுழையாது. தம்பி, இருப்பிடக் கட்டத்தில் மூன்றுக்கும் தனித்தனி வரி போட்டு, எலியில் கண்டது என்பதையும் அதிலேயே எழுதிவிடு.