கலைக்கூடம் யார் பெயரில் இருக்க வேண்டும்? சோழமண்டலத்தை முன்வைத்துச் சில சொற்கள்

அன்பார்ந்த ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

கடல் கடந்து வாழும் நாம் சேர்ந்து நம் ஊரில் பொதுக் கலைக்கூடம் அமைப்பது குறித்துப் பெரியவர்களும் தம்பி தங்கைகளும் எழுதியவற்றை எல்லாம் படித்தேன். கட்டடத்தின் அளவு முதல் திறப்பு விழாவுக்கு யாரை அழைப்பது என்பது வரை பேசியாகிவிட்டது. கூடம் யார் பெயரில் பதிவாகும், அதை அன்றாடம் யார் நடத்துவார்கள் என்பதை மட்டும் ஒருவரும் தொடவில்லை. இதைப் பற்றி யோசிக்கும்போது எனக்கு நினைவுக்கு வருவது, சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில் கலைஞர்களே சேர்ந்து உருவாக்கிய சோழமண்டல ஓவியர் கிராமம்தான்.

சென்னை அரசு ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், அங்கே படித்து முடித்த திறமைசாலிகள் பலர் பிழைப்புக்காக ஏதோ ஒரு வேலையில் சேர்ந்து தூரிகையையே கைவிட்டுவிடுவதைக் கண்டு வருந்தினார். அவரும் அவருடைய மாணவர்களும் கைவினைக் கலைஞர் சங்கம் ஒன்றை அமைத்து, பாத்திக் துணி (மெழுகு பூசிச் சாயமேற்றியது), தோல் வேலைப்பாடு போன்றவற்றைச் செய்து விற்று, அந்த வருவாயைக் கொண்டே 1966இல் கடலோர மணற்பரப்பில் நிலம் வாங்கினார்கள். வயிற்றுப்பாட்டைக் கைவினை பார்த்துக்கொண்டதால், வாங்குபவரின் விருப்பத்துக்கு வளையாமல் ஓவியம் தீட்ட முடிந்தது. ஜே. சுல்தான் அலி, எஸ்.ஜி. வாசுதேவ், கே. ராமானுஜம் முதலியோர் அந்தச் சூழலில் பணியாற்றியவர்களே.

நான் முக்கியமாகக் கருதுவது அவர்கள் உரிமையை வகுத்துக்கொண்ட முறையை. வீட்டு மனைகள் கலைஞர்களுக்கு. காட்சிக்கூடமும் பொது இடங்களும் சங்கத்துக்கு. எனவேதான் 1977இல் பணிக்கர் மறைந்தபோது கிராமம் அவரோடு முடிந்துபோகவில்லை. 2009இல், அந்த ஓவியக் கல்லூரியைச் சுற்றி வளர்ந்த நவீன ஓவியப் போக்கான சென்னை ஓவிய இயக்கத்துக்கென ஓர் அருங்காட்சியகத்தையும் அதே வளாகத்தில் திறந்தார்கள். கொடையாளி ஒருவரின் பெயரில் நின்றிருந்தால், அவருடைய வாரிசுகளின் மனநிலையைப் பொறுத்தே எல்லாம் நடந்திருக்கும். (கிழக்குக் கடற்கரைச் சாலையில் இன்று நிலம் என்ன விலைக்குப் போகிறது என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.)

நம்மைப் போல் கடல் கடந்தவர்களும் அங்கே உண்டு. தொடக்க உறுப்பினர்களில் ஒருவரான விஸ்வநாதன் பாரிசில் குடியேறினார். ஆயினும் கூடத்தைத் திறந்து, கணக்கெழுதி, படங்களை மாட்டி இறக்கியவர்கள் அங்கேயே தங்கியவர்கள்தாம். துபாயிலும் டொரண்டோவிலும் இருந்துகொண்டு எந்தப் படம் எந்தச் சுவரில் தொங்க வேண்டும் என்று நாம் முடிவு செய்யப் புறப்பட்டால், ஊரில் உள்ள சிற்பியும் கோலக்காரப் பெண்களும் பள்ளி ஓவிய ஆசிரியரும் விருந்தாளிகளாகிவிடுவார்கள்.

ஆகவே என் கருத்து இது. 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஊரிலேயே தனிச் சங்கம் ஒன்றைப் பதிவு செய்து, நிர்வாகக் குழுவில் பெரும்பான்மை இடங்களை ஊரில் வாழும் கலைஞர்களுக்கு ஒதுக்க வேண்டும். நமக்கு ஓரிரு இடங்கள் போதும். பணத்தைப் பொறுத்தவரை ஒரு சிக்கல் இருக்கிறது: இந்தியக் குடியுரிமையைத் துறந்து வேற்றுநாட்டுக் கடவுச்சீட்டு பெற்றவர்களின் நன்கொடை, 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வரும்; அதற்கான பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் சங்கம் அதைப் பெறக் கூடாது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்போர் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தருவதற்கு இந்தத் தடை இல்லை. எனவே முதல் தவணையை அவர்களிடம் மட்டும் திரட்டலாம்.

மனையைத் தர முன்வந்துள்ள பெரியவர், தம் பெயரைக் கூடத்துக்குச் சூட்ட வேண்டும் என்று கேட்டிருப்பதில் எனக்கு மறுப்பில்லை. பத்திரம் மட்டும் சங்கத்தின் பெயருக்கு எழுதப்பட வேண்டும். அடுத்த பொதுக்குழுவில் நிதி திரட்டுவதற்கு முன்பாக இதையே முதற்பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.