பழைய போர்டிங் பாஸ்: எத்தனை நாள் வைத்திருப்பீர்கள், எதற்கு?

செம்பூர்க்காரன்

வீடு மாற்றிக்கொண்டு நவி மும்பையில் கார்கர் பக்கம் போகிறோம். பீரோவை ஒழிக்கும்போது ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு அகப்பட்டது. எல்லாம் போர்டிங் பாஸ். ரப்பர் பேண்ட் இளகி ஒட்டிக்கொண்டு, பிரித்தால் பிசுபிசுவென்று கையோடு வருகிறது. "இதைப் பழைய பேப்பர் வாங்குகிற ரத்திவாலா கூட எடுக்க மாட்டான், போட்டுத் தொலையுங்கள்" என்கிறாள் வீட்டுக்காரி.

வேடிக்கை என்னவென்றால், பழசுதான் நன்றாக இருக்கிறது. 90களில் சாந்தாக்ரூஸிலிருந்து மெட்ராஸ் போன இந்தியன் ஏர்லைன்ஸ் அட்டையில் சீட் நம்பரைப் பேனாவால் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நேற்று எழுதியதுபோல் இருக்கிறது. போன நாலைந்து வருஷத்துச் சீட்டுகள்தான் வெள்ளைத்தாளாகிவிட்டன. ஏடிஎம் ரசீது அடிக்கிற அதே தெர்மல் பேப்பர்தான் இதுவும். மை கிடையாது. சூடு பட்டால் கறுக்கிற ரசாயனப் பூச்சில் எழுத்து வருகிறது. வெயில், எண்ணெய்க் கை, பிளாஸ்டிக் உறை எல்லாமே அதற்கு எமன்.

உங்கள் வீட்டில் என்ன வழக்கம்? ஞாபகார்த்தம் என்பது தெரிந்ததுதான். அந்தத் துண்டுச் சீட்டால் யாருக்காவது நிஜமாகவே காரியம் நடந்திருக்கிறதா என்பதைத்தான் கேட்கிறேன்.

முலுண்ட் கணக்குப்பிள்ளை

நான் மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவன். விடுமுறைப் பயணத்துக்குக் கம்பெனி தருகிற எல்டிஏ படிக்கு பில் பார்க்கிறது என் வேலை. டிக்கெட் வாங்கினீர்கள் என்பதற்கு டிக்கெட் சாட்சி, ஏறிப் போனீர்கள் என்பதற்கு போர்டிங் பாஸ் சாட்சி. டிக்கெட்டைப் போட்டு, பில்லைக் கொடுத்துவிட்டு, பின்னாலேயே கேன்சல் செய்து ரீஃபண்ட் வாங்குகிற மகானுபாவர்கள் உண்டு. அதனால்தான் கேட்கிறோம், யாரையும் அலைக்கழிக்க இல்லை.

ஒரு ஆள் குடும்பத்தோடு கோவா போனதாக நாலு பேருக்கும் பாஸ் கொண்டுவந்தார். அசல் பாஸ், சீல் எல்லாம் சரி. தேதியைப் பார்த்தால் புதன்கிழமை. அன்றைக்குக் காலை ஒன்பதேகாலுக்கு அதே ஆள் ஆபீஸில் பஞ்ச் அடித்திருக்கிறார். "சார், என் பேரில் மச்சான் போனான்" என்றார். அதோடு விட்டிருந்தால் எல்டிஏ மட்டும்தான் போயிருக்கும். அடுத்தவன் பேரில் விமானம் ஏறிய கதையை ஹெச்.ஆர். எதிரிலேயே சொன்னதால் விவகாரம் வேறு பக்கம் போய்விட்டது.

கணக்கு இதுதான்: நாலு காலண்டர் வருஷம் ஒரு பிளாக், அதில் இரண்டு பயணத்துக்கு வரி விலக்கு. 2022–2025 முடிந்தது, இப்போது 2026–2029. இந்தியாவுக்குள் போன பயணச் செலவு மட்டும். ஓட்டலும் சாப்பாடும் சேராது. புது வரி முறையில் இருப்பவர்களுக்கு இந்த விலக்கே கிடையாது, அவர்கள் தாராளமாகக் கிழித்துப் போடலாம். மற்றவர்கள் அசலை எங்களிடம் கொடுக்கும் முன் ஒரு ஸ்கேன் எடுத்து வையுங்கள். நாங்கள் பத்திரமாக வைத்தாலும் உங்கள் தெர்மல் பேப்பர் கேட்காது.

டோம்பிவிலி அக்கா

எனக்குக் காரியம் நடந்திருக்கு. பையனைப் பார்க்க ஜெர்மனி போய்ட்டு மும்பை ஏர்போர்ட் டி2-ல வந்து இறங்கினோம். எல்லாரும் போயாச்சு, பெல்ட் சும்மா சுத்திண்டிருக்கு, என் பெட்டியைக் காணோம். கவுண்டர்ல இருந்த பொண்ணு "பேக் டேக் நம்பர்?" என்றாள். செக்-இன்ல கொடுக்கிற அந்தப் பத்து இலக்க ஸ்டிக்கரை போர்டிங் பாஸ் பின்னாடியே ஒட்டிக் கொடுத்திருந்தா. அதைக் காட்டினேன், கம்ப்யூட்டர்ல தட்டினா, பெட்டி ஃபிராங்க்ஃபர்ட்லயே உட்கார்ந்திருக்கு. பக்கத்துல ஒரு பெரியவர் பாஸை விமானத்துலயே சீட் பாக்கெட்ல விட்டுட்டு வந்துட்டார். அவரை அப்படி இப்படி அலைய விட்டா பாருங்கோ, பாவமா இருந்தது.

மூணாம் நாள் பெட்டி வீட்டுக்கு வந்தது, ஒரு சக்கரம் இல்லாம. அதுக்குத் தனியா எழுதிக் கொடுத்தோம். வெளிநாட்டுப் பயணத்துக்கு மான்ட்ரியல் ஒப்பந்தம் இருக்கு, 2009-லேர்ந்து இந்தியாவும் அதுல உண்டு. பெட்டி உடைஞ்சிருந்தா கைக்கு வந்த ஏழு நாளுக்குள்ள, தாமதமா வந்தா இருபத்தோரு நாளுக்குள்ள எழுத்துல புகார் தரணும். கேஸ் போடறதா இருந்தா ரெண்டு வருஷம். அதனால எங்காத்துல பணம் வர்ற வரைக்கும் பாஸ் ஃபிரிட்ஜ் மேல காந்தத்துக்கு அடியில இருக்கும். வந்த அன்னைக்கே குப்பைக்கூடை. எனக்கு சென்டிமென்ட் எல்லாம் கிடையாது.

வாஷி செக்டர் 9

டோம்பிவிலி அக்கா, ரெண்டு வருஷத்தோடு விட்டுவிடாதீர்கள். என் மகள் லண்டனில் குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது, ஐந்து வருஷத்தில் நாட்டைவிட்டு எப்போதெல்லாம் வெளியே போனாய், எப்போது திரும்பினாய் என்று பட்டியல் கேட்டார்கள். பொதுவாக 450 நாளுக்கு மேல் வெளியே இருந்திருக்கக் கூடாது. பாஸ்போர்ட் முத்திரை பாதி மசி இழுவி, மீதி ஒன்றின் மேல் ஒன்று. இங்கே வரும்போதெல்லாம் அவள் என் வீட்டில் போட்டுவிட்டுப் போன பாஸ்களை என் மனைவி பூஜை அலமாரி டிராயரில் சேர்த்து வைத்திருந்தாள். வீடியோ காலில் ஒவ்வொன்றாகக் காட்டினோம்.

அப்போதுதான் ஒரு விஷயம் கவனித்தேன். பலவற்றில் தேதி "14 நவ" என்று நிற்கிறது, வருஷமே இல்லை! விமானத்துக்கு அது தேவையில்லையாம், நமக்கல்லவா தேவை. பழைய ஈமெயிலோடு ஒப்பிட்டு வருஷம் கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. அன்றிலிருந்து கைக்கு வந்ததும் பின்புறம் பால்பாயிண்ட் பேனாவால் வருஷத்தை எழுதிவிடுகிறேன்.

இனிமேல் இது இன்னும் முக்கியம் என்பது என் கட்சி. சிங்கப்பூரில் முத்திரை குத்துவதை 2020-லேயே நிறுத்திவிட்டார்கள். ஐரோப்பாவில் 2025 அக்டோபரிலிருந்து கைரேகை, முகப் பதிவு என்று மாறத் தொடங்கியது. கப்பலிலும் கல்ஃபிலும் வேலை பார்க்கிறவர்களுக்கு வருமான வரிக்காக இந்தியாவில் எத்தனை நாள் இருந்தார்கள் என்கிற 182 நாள் கணக்கு வேறு இருக்கிறது. ஆடிட்டர் கேட்டால் எதைக் காட்டுவது?

சயான் கோலிவாடா தம்பி

காகிதமா? நான் கடைசியா எப்ப வாங்கினேன்னே ஞாபகம் இல்ல. டிஜியாத்ரா 2022 டிசம்பர்ல டில்லி, பெங்களூரு, வாரணாசின்னு ஆரம்பிச்சுது, அப்புறம் மும்பைக்கும் வந்தாச்சு. மூஞ்சியைக் காட்டினா கதவு திறக்குது.

வாஷி சார், வருஷம் பார்கோடுலயும் தேடிப் பார்க்காதீங்க. அதுல தேதி அந்த வருஷத்தோட எத்தனாவது நாள்னுதான் இருக்கும். பிப்ரவரி 5-ன்னா 036. கூடவே பேரு, பிஎன்ஆர், சீட், சில சமயம் மைலேஜ் கார்டு நம்பரும் இருக்கும். போன்ல ஒரு ஆப் இருந்தா யார் வேணா படிக்கலாம். நம்ம ஜனங்க என்ன பண்றாங்க, பேரையும் பிஎன்ஆரையும் மறைச்சுட்டு பார்கோடை அப்படியே விட்டு இன்ஸ்டால போடறாங்க. ஆஸ்திரேலியாவோட முன்னாள் பிரதமர் டோனி அபட் 2020-ல போட்ட போர்டிங் பாஸ் படத்தை வெச்சு ஒருத்தர் அவரோட பாஸ்போர்ட் நம்பர் வரைக்கும் எடுத்துட்டார். நல்லவேளை, எடுத்தவர் நல்ல மனுஷன், அரசாங்கத்துக்கிட்ட சொல்லிட்டார். குப்பைல போடற அக்கா, கிழிச்சுப் போடுங்க.

மாட்டுங்கா மாமா

தம்பி சொல்றது சரி, கிழிக்கறது உங்க இஷ்டம். நான் ஒண்ணைக்கூடக் கிழிச்சதில்லை.

என்கிட்ட மூணு டப்பா இருக்கு. ஒரு டப்பா முழுக்க இப்ப இல்லாத கம்பெனி. கிங்ஃபிஷர் 2012-ல நின்னுது, ஜெட் 2019 ஏப்ரல்ல, விஸ்தாரா 2024 நவம்பர்ல ஏர் இந்தியாவுக்குள்ள போச்சு. 92-ல இதே பம்பாய்லேர்ந்து பறக்க ஆரம்பிச்ச ஈஸ்ட்-வெஸ்ட்டை இப்ப யாருக்குத் தெரியும்? டிக்கெட்டுன்னா சிவப்பு கார்பன் தடவின புஸ்தகம். அது 2008 ஜூன் 1-ஓட போச்சு. முதுகுல காந்தப் பட்டை வெச்ச அட்டையும் 2010-க்கு அப்புறம் கண்ணுல படலை, எல்லாம் பார்கோடு ஆயாச்சு.

நான் பார்க்கறது எழுத்தை இல்லை, சீலை. செக்யூரிட்டில வட்டமா, ஊதா மையில, எந்த அவசரத்துல குத்தினானோ அந்த அவசரத்தோட சாய்ஞ்சு இருக்கும். சில பாஸ்ல பேரு அழிஞ்சுபோயும் சீல் மட்டும் நிக்கறது. கைப்பை டேக்ல குத்தறதை 2017-லயே நம்மூர்ல விட்டுட்டா. அந்த டேக்கும் ஒரு கத்தை வெச்சிருக்கேன், ஆத்துல திட்டு.

செம்பூர்க்காரரே, ஒண்ணு மட்டும் பண்ணிடாதீங்கோ. எங்க பில்டிங்ல ஒருத்தர், அம்மா முதல் தடவையா விமானம் ஏறின பாஸ் அழிஞ்சுடப்போறதேன்னு லாமினேட் பண்ணக் கொடுத்தார். மிஷின்லேர்ந்து வெளில வரச்சே முழுக்கக் கறுப்பு. சூட்டுக்குக் கறுக்கற காகிதத்தைச் சூட்டுல விட்டா வேற என்ன ஆகும்? கடைக்காரன் முழிக்கறான், இவர் கத்தறார். போட்டோ எடுத்து வெச்சுட்டு, காகிதத்தை சாதாரணக் கவர்ல இருட்டுல போட்டுடுங்கோ. பிளாஸ்டிக் வேண்டாம்.

செம்பூர்க்காரன்

மாமா, நீங்கள் எழுதினது லாமினேஷன் கடைக்குப் போகிற வழியில் மெதுவடை வாங்கிக்கொண்டு நின்ற நேரத்தில் கண்ணில் பட்டது. திரும்பி வந்துவிட்டேன். பேனா எழுத்து அட்டைகள் தனிக் கவருக்குப் போகின்றன. வெள்ளையாகிப் போனவற்றை வீட்டுக்காரி கையில் கொடுத்தாயிற்று. சண்டை நின்றது.

அந்தக் கட்டுக்குள் ஈஸ்ட்-வெஸ்ட் பாஸ் ஒன்று இருக்கிறது, கோயம்புத்தூர் போனது. அடிப்பாதி மட்டும், மேல்பாதி கேட்டிலேயே கிழித்துக்கொண்டார்கள். வேண்டுமா?

மாட்டுங்கா மாமா

வேணுமாவா! ஞாயித்துக்கிழமை காலம்பர கிங்ஸ் சர்க்கிள் வாங்கோ, காப்பி என் செலவு. என்கிட்ட தமானியா ஏர்வேஸ் பாஸ் ரெண்டு இருக்கு, ஒண்ணை எடுத்துக்கோங்கோ. ஆத்துல மட்டும் சொல்லிடாதீங்கோ.