24 பிள்ளைகளுக்கு செஃப் தொப்பி, ஏப்ரன்: துணி எவ்வளவு, எப்படி வெட்டுவது?

ஊசிமுனை
ஒன்றாம் வகுப்புக்கு அடுப்பில்லா சமையல் போட்டி வருகிறது. 24 பிள்ளைகள், எல்லோரும் ஐந்தரை, ஆறு வயது. தொப்பியும் ஏப்ரனும் நானே தைத்துத் தருவதாக ஏற்றுக்கொண்டேன். சாதா தையல் மெஷின்தான், ஓவர்லாக் (ஓரம் பிசிறாமல் அடிக்கும் மெஷின்) கிடையாது. சந்தேகங்கள் இவை: 44 இன்ச் பன்னாவில் (துணியின் அகலம்) மொத்தம் எத்தனை மீட்டர் எடுக்க வேண்டும்? ஒவ்வொரு பிள்ளைக்கும் தலை அளவு எடுக்காமல் ஒரே அளவில் தைக்க முடியுமா? மாதிரிக்கு அடித்த ஏப்ரனில் கைப்பக்க வளைவை மடித்து அடித்தால் சுருங்கிச் சுருங்கி நிற்கிறது, ஏன்?

பாபின்கேஸ்
கடைசிக் கேள்வியில இருந்து வர்றேன். உள்வாங்கின வளைவுல ஓரம் சின்ன வட்டம், அது மடங்கிப் போய் உட்கார வேண்டிய இடம் பெரிய வட்டம். நீளம் பத்தாம இழுக்குது, அவ்வளவுதான். உங்க கை மேல தப்பு இல்ல. 1¼ இன்ச் கிராஸ் பீஸ் (மூலைவாட்டா வெட்டின துணிப் பட்டை) வெட்டி பைப்பிங் மாதிரி கொடுத்தா அழகா வரும். ஆனா 24 ஏப்ரன், 48 வளைவு. வேண்டாம். வளைவையே எடுத்துட்டு நேர்கோட்டுல சாய்வா வெட்டிடுங்க.

ஏப்ரனுக்கு அகலம் 18, நீளம் 22. ரெண்டா மடிச்சு, மேல் மூலையில ஓரத்துல இருந்து உள்ளே 5 இன்ச், கீழே 7 இன்ச் குறிச்சு ரெண்டையும் ஸ்கேல் வச்சு சேருங்க. மேல நெஞ்சுப் பகுதி 8 இன்ச் நிக்கும். சாய்வா வெட்டின துணி இழுத்தா நீளும், அதனால மடிக்கறதுக்கு முன்னாடி ஓரத்துல கால் இன்ச் தள்ளி ஒரு சாதாத் தையல் ஓட்டிடுங்க. இதை விட்டா ஓரம் அலை அலையா வரும். முதல்ல சாய்வு, அப்புறம் மேல்பக்கம், பக்கவாட்டு, கடைசியா அடி ஓரம். இந்த வரிசை மாறினா மூலையில பிசிறு வெளிய தெரியும்.

சாய்வு மடிப்பை ஒரு இன்ச்சா விட்டு நாடா போற குழல் மாதிரி அடிச்சா இன்னும் சுலபம். ஒரே நாடா 2 மீட்டர், இடுப்புல ஆரம்பிச்சு குழல் வழியா ஏறி, கழுத்தைச் சுத்தி அடுத்த பக்கம் இறங்கும். இழுத்து விட்டா எந்த உயரப் பிள்ளைக்கும் சரியாகும்.

பிசிறு
பாபின்கேஸ் சொன்ன சாய்வு வெட்டு சரி. ஆனால் அந்த ஓடும் நாடாவை ஆறு வயதுக்குப் போடாதீர்கள். இடுப்பில் யாராவது இழுத்தால் கழுத்தில் இறுகும். ஐரோப்பாவின் இஎன் 14682 விதிப்படி 7 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் உடையில் கழுத்துப் பகுதியில் இழுகயிறே கூடாது. பெரியவர்கள் ஏப்ரனுக்கு வைத்துக்கொள்ளலாம், குழந்தைக்கு வேண்டாம்.

கழுத்துக்கு 11 இன்ச்சில் இரண்டு நாடா, நுனியில் 2 இன்ச் வெல்க்ரோ. பலமாக இழுத்தால் பிரிந்துவிடும், அதுதான் வேண்டும். மெத்தென்ற பக்கம் கழுத்தைப் பார்க்கட்டும், முள் பக்கம் பட்டால் பிள்ளை ஐந்து நிமிடத்தில் கழற்றி எறிந்துவிடும். இடுப்புக்கு 20 இன்ச்சில் இரண்டு. ஆக ஒரு ஏப்ரனுக்கு 62 இன்ச், 24-க்கு 38 மீட்டர் நாடா.

இனி தொப்பி. ஆறு வயதில் தலைச்சுற்றளவு பெரும்பாலும் 20 முதல் 20½ இன்ச். தலையைச் சுற்றி வரும் பட்டியை 22 இன்ச் நீளம், 7 இன்ச் அகலம் வெட்டுங்கள். தையல் போக 21 இன்ச் வளையம், மடித்தபின் 3 இன்ச் உயரம். ஒட்டுக் கேன்வாஸ் (அயர்ன் செய்தால் ஒட்டிக்கொள்ளும் விறைப்புத் துணி) முன்பக்கத்துக்கு மட்டும், 14 இன்ச்சுக்கு 3 இன்ச். பட்டியின் முழு அகலத்துக்கும் ஒட்டினால் உச்சித் துணியின் சுருக்கு, பட்டி, கேன்வாஸ் எல்லாம் ஒரே தையலில் சேர்ந்து ஊசி முறியும். பின்பக்கம் 6 இன்ச் இடைவெளிக்குள் 4 இன்ச் எலாஸ்டிக்கை இழுத்து இரு முனையிலும் அடித்துவிடுங்கள். வளையம் 19-இலிருந்து 21 வரை கொடுக்கும். அளவே எடுக்க வேண்டாம்.

உச்சிக்கு 19 இன்ச் விட்டமுள்ள வட்டம். சதுரத்தை நான்காக மடித்து, மடிப்பு மூலையிலிருந்து 9½ இன்ச் டேப்பைச் சுழற்றிக் குறியுங்கள். வெட்டும்போது குண்டூசி போடாவிட்டால் நான்கு மடிப்பும் நழுவி வட்டம் முட்டையாகிவிடும். வட்டத்தின் ஓரம் ஏறக்குறைய 60 இன்ச். அதை 21-க்குச் சுருக்க வேண்டும். பெரிய தையலாக வைத்து, ஓரத்திலிருந்து கால் இன்ச்சில் ஒன்று, அரை இன்ச்சுக்குச் சற்று உள்ளே ஒன்று, இரண்டு வரிசை ஓட்டுங்கள். ஆரம்பத்திலும் முடிவிலும் திருப்பி அடிக்க வேண்டாம். பாபின் நூலை (அடி நூல்) மட்டும் பிடித்து இழுங்கள். ஒரே வரிசை போதும் என்று சிலர் சொல்வார்கள், பாதி வழியில் நூல் அறுந்தால் மொத்தமும் மறுபடி. வட்டத்தையும் பட்டியையும் நான்கு சம பாகமாகக் குறித்துப் பொருத்திய பிறகே சுருக்கைப் பரப்புங்கள். இல்லையென்றால் ஒரு பக்கம் கொத்தாகவும் மறுபக்கம் மொட்டையாகவும் நிற்கும். 16-ம் நம்பர் ஊசி போடுங்கள்.

காடாத்துணி
மீட்டர் கணக்கு யாரும் சொல்லலையே. 44 பன்னாவுல வட்டம் குறுக்கே 2, நீளத்துல 2, அதாவது 38 இன்ச்சுல 4. பட்டி குறுக்கே 2, அப்போ 4 பட்டிக்கு 14 இன்ச். நாலு தொப்பிக்கு 52 இன்ச், 24-க்கு 312. ஏப்ரன் குறுக்கே 2, 12 வரிசை, 264 இன்ச். ரெண்டும் சேர்த்து 14.6 மீட்டர். சுருங்கறதுக்கு சேர்த்து 15½ எடுங்க. ஏப்ரன் வெட்டின பக்கத்துல 8 இன்ச் துண்டு மிஞ்சும், பாக்கெட் 24-ம் அதுலயே வந்துடும், தனியா துணி வேண்டாம்.

ஒரு விஷயம், பன்னா 44-னு கடையில சொன்னாலும் டேப் வச்சுப் பாருங்க. ஒரு இன்ச் குறைஞ்சா பட்டி ரெண்டு குறுக்கே வராது.

வெள்ளை பாப்ளின் நல்லா இருக்கும். காடா (வெளுக்காத பருத்தித் துணி) மலிவு, ஆனா மங்கலா, புள்ளி புள்ளியா இருக்கும், கஞ்சியும் ஜாஸ்தி. ராத்திரி முழுக்க ஊற வச்சு அலசிட்டுதான் வெட்டணும். நனைக்காம கேன்வாஸ் ஒட்டினா, முதல் சலவையிலயே துணி சுருங்கி கேன்வாஸ் கொப்புளம் கொப்புளமா எழும்பும். ஒட்டும்போது அயர்ன் பாக்ஸைத் தேய்க்காதீங்க, வச்சு அழுத்தி எடுத்து அடுத்த இடம் வைங்க.

செலவு ஜாஸ்தின்னு தோணினா தொப்பியை மட்டும் காகிதத்துல பண்ணுங்க, ஏப்ரன் துணியில. 22-க்கு 28 இன்ச் சார்ட் பேப்பர்ல 4 இன்ச் பட்டி அஞ்சு வரும், 24-க்கு 5 சார்ட் போதும். மேல வெள்ளை டிஷ்யூ பேப்பர் ரெண்டா வச்சு ஒட்டணும், ஒண்ணு வச்சா கை பட்டதும் கிழியும். கலர் க்ரேப் பேப்பர் வேண்டாம், வேர்வையில சாயம் நெத்தியில இறங்கும். ஸ்டேப்ளர் முனை வெளிப்பக்கம் வரட்டும், மேல டேப் ஒட்டிடுங்க.

ஊசிமுனை
மிக்க நன்றி. துணியிலேயே தைக்கிறேன். ஒரு சந்தேகம்: படங்களில் வருவது போல உச்சி நேராக, உயரமாக நிற்குமா? இந்த வட்டம் காளான் மாதிரி சாய்ந்துதானே விழும்?

பிசிறு
சாய்ந்துதான் விழும். ஆறு வயதுக்கு அதுவே நல்லது. உயரத் தொப்பி குனிந்ததும் கழன்று கிண்ணத்தில் விழும். கட்டாயம் நேராக வேண்டுமென்றால் வட்டத்துக்குப் பதில் 33-க்கு 10 இன்ச் செவ்வகம். 10 இன்ச் ஓரங்கள் இரண்டையும் இணைத்துக் குழலாக்கி, அடியில் அரை இன்ச் மடிப்புகளாக 21-க்குக் கொண்டு வந்து, மேல் ஓரத்தைச் சுருக்கி இறுக்கிக் கட்டிவிடுங்கள். பாப்ளினுக்குக் கெட்டியாகக் கஞ்சி போட்டால்தான் நிற்கும். துணிக் கணக்கும் மாறும்.

பாபின்கேஸ்
கழுத்து நாடா விஷயத்துல பிசிறு சொன்னதுதான் சரி, வெல்க்ரோவே வைங்க. தைக்கும்போது ஒவ்வொண்ணா முடிக்காதீங்க. 24 வட்டத்துக்கும் சுருக்குத் தையல் ஒரே மூச்சுல, அப்புறம் 24 பட்டி. தையல் நீளத்தை அடிக்கடி மாத்தினா ஒண்ணு ரெண்டுல பெரிய தையலோடயே பட்டி ஏறிடும், மாட்டும்போது பிரிஞ்சு வரும்.