நள்ளிரவு வரியில் மட்டும் தேதி தப்பியது: உங்கள் ஆர்டிசி அனுபவம் என்ன?

எஸ்டிஎம்32எஃப்4 மைக்ரோகண்ட்ரோலரில் ஆர்டிசி (நேரத்தையும் தேதியையும் காக்கும் உள்கடிகாரம்) அமைத்தவர்கள் தங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள். நானே தொடங்குகிறேன்.

குளிர்பதனக் கிடங்கு ஒன்றுக்கு வெப்பநிலை பதியும் போர்டு செய்தேன். பத்து நிமிடத்துக்கு ஒரு வரி எஸ்டி கார்டில் ஏறும். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், நாளுக்கு 144 வரியில் ஒன்றே ஒன்று தப்பு. 14-ஆம் தேதி 23:50 சரி. அடுத்த வரியில் நேரம் 00:00, தேதியோ இன்னும் 14. அதற்கடுத்த 00:10-இல் 15.

பேட்டரியைச் சந்தேகப்பட்டேன், கிரிஸ்டலைக்கூட மாற்றினேன். குறை இருந்தது படிக்கும் வரிசையில். நேர ரெஜிஸ்டரைப் படித்ததும் தேதியின் நிழல் நகல் (நிரல் படிப்பதற்காகச் சிப் வைத்திருக்கும் பிரதி) அப்படியே உறைந்துவிடும். தேதியைப் படித்தால்தான் பூட்டு விலகும். நான் தேதியை முதலில் படித்து, பிறகு நேரத்தைப் படித்தேன். அதனால் என் கைக்கு வந்தது எப்போதும் பத்து நிமிடம் பழைய தேதி. பகலில் அது கண்ணில் படவே இல்லை. இரண்டு வரிகளை இடம் மாற்றினேன், சரியாகிவிட்டது. சிப் தயாரிப்பாளரின் ஹால் நூலகத்தில் எழுதுபவர்களும், தேதி தேவையே இல்லை என்றாலும், நேரத்தைப் படித்த கையோடு தேதியையும் படித்துவிடுங்கள்.

மறுமொழி 1

என்னைப் படுத்தியது, ஆர்டிசி எந்தக் கிளாக்கில் ஓட வேண்டும் என்று தேரும் ஆர்டிசிசெல் பிட்டுகள். முதலில் சோதனைக்காகச் சிப்புக்குள்ளேயே இருக்கும் எல்எஸ்ஐ கிளாக்கை வைத்து ஓட்டினேன். மணிக்கு ஒன்றரை நிமிடம் பின்தங்கியது. அதில் வியப்பில்லை, எல்எஸ்ஐ 17 முதல் 47 கிலோஹெர்ட்ஸ் வரை எங்கும் இருக்கலாம். 32.768 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டலைப் பற்றவைத்து, அந்தக் கிரிஸ்டலில் ஓடும் எல்எஸ்இ கிளாக்குக்கு மாற்றினேன். எல்எஸ்இ தயார் என்று கொடியும் ஏறியது, ஆனால் அதே ஒன்றரை நிமிடம்! பற்றவைப்பைத் திரும்பத் திரும்பப் பார்த்தே இரண்டு நாள் போனது.

ஒருமுறை தேர்ந்த கிளாக்கை, பேக்கப் பகுதியை (காயின் செல்லில் உயிரோடு இருக்கும் பகுதி) ரீசெட் செய்யாமல் மாற்ற முடியாது. பவரை நிறுத்தினாலும் காயின் செல் பழைய தேர்வைக் காப்பாற்றிக்கொண்டே இருந்தது. அந்தப் பகுதியை ரீசெட் செய்யும் பிடிஆர்எஸ்டி பிட்டை ஒருமுறை ஏற்றி இறக்கியதும் எல்எஸ்இ பிடித்துக்கொண்டது. அதை ஒவ்வொரு துவக்கத்திலும் செய்துவிடாதீர்கள், வைத்த நேரமும் சேர்ந்து அழியும்.

மறுமொழி 2

மேலே எழுதியவருக்கு நன்றி, என் கிளாக்கும் அங்கேதான் மாட்டியிருக்கிறது என்று இப்போது புரிகிறது.

எனக்கு முதல் நாளே சிக்கல். நேரத்தை எழுதுவேன், டீபக்கரில் பார்த்தால் பூஜ்ஜியம். முதலில் பேக்கப் பகுதியில் எழுத விடும் டிபிபி பிட்டை ஏற்ற வேண்டும். அப்புறம் ஆர்டிசியின் எழுத்துப் பூட்டைத் திறக்கும் டபிள்யுபிஆர் ரெஜிஸ்டரில் சாவியாக ஹெக்ஸ் சிஏ, தொடர்ந்து 53. சாவி தப்பினால் மறுபடி பூட்டிக்கொள்ளும். இத்தனைக்குப் பிறகும், நேரம் வைக்கும் நிலைக்குக் கொண்டுபோகும் ஐஎன்ஐடி பிட்டை ஏற்றி, ஐஎன்ஐடிஎஃப் கொடி வரும்வரை நான் காத்திருக்கவில்லை. காத்திருந்த அன்றுதான் நொடி நகர்ந்தது.

இன்னொன்று: நேரம் ஏற்கெனவே வைத்தாயிற்றா என்று சொல்லும் ஐஎன்ஐடிஎஸ் கொடி, ஆண்டுப் புலம் பூஜ்ஜியமா என்பதை மட்டுமே பார்க்கிறது. சோதனைக்கு ஆண்டை 00 என்று வைத்தால் கொடி ஏறவே ஏறாது.